விசில் கேட்காத ஜோடி

சாரல்குளத்துக்கு விசில் வந்த கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவார்கள். சொல்லுகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவர்கள். அதனால் காலை ஆறு பத்துக்குத் தென்காசிக்குப் புறப்படுகிற மினி பஸ்ஸில் பதினாலு வருசமாகக் கண்டக்டர் வேலை பார்க்கிற நம்பிராஜனாகிய நான் சொல்லுகிறதைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கடைசியில் கேட்கலாம், நடுவில் புகுந்து பேசினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

ஆனி முடிந்து ஆடி பிறந்து, மலையிலிருந்து சாரல் இறங்கி, துணி காயாமல் பெண்கள் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஊரில் இருந்த ஆணும் பெண்ணும், பெரியவரும் சிறியவரும், பல் இருந்தவரும் பல் போனவரும் அத்தனை பேரும் உடம்புக்குள் ஆளுக்கொரு சுருதியில் அதிர ஆரம்பித்தார்கள். தனியாக நிற்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு பேர் கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டால் போதும், இருவர் வாயும் மூடியிருக்க, இருவருக்கும் நடுவில் வெறும் காற்றிலிருந்து ஒரு விசில் கிளம்பும். ஓரளவு ஒத்துப்போகிறவர்கள் என்றால் அடித்தொண்டை உறுமலாகக் கேட்கும். ஒத்துவராதவர்கள் என்றால் கீச்சென்று மேலே ஏறிக் காதைக் குடையும். விலகிப் போனால் நின்றுவிடும்.

காரணம் என்னவென்று யாரும் ரொம்ப மெனக்கெடவில்லை. மலைமேல் புதிதாக வைத்த டவர் என்றார்கள், காற்றாலை என்றார்கள், ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தோம். மனுவைக் கொடுத்தவரும் வாங்கின கிளார்க்கும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றபோது கிளம்பிய விசிலில் கிளார்க் சீல் குத்த மறந்துபோனார், மனு அதோடு போயிற்று. மழை வந்தால் குடை எடுக்கிற ஊர் இது. விசில் வந்தது, அவரவர் பிழைப்புக்குத் தக்கபடி சமாளித்துக்கொண்டார்கள்.

முதல் அடி எங்கள் பஸ்ஸுக்குத்தான். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் எடு, இந்த ஒரு சட்டத்தை நம்பித்தான் உலகத்தில் பஸ் ஓடுகிறது. அன்றைக்கு அறுபது பேர் நெருக்கியடித்து ஏறிய வண்டிக்குள் மாமனும் மச்சினனும் விசில், பங்காளிகள் விசில், ஒரே சீட்டில் உட்கார்ந்த இரண்டு வாத்தியார்கள் விசில். டிரைவர் சொரிமுத்து அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார், எடுத்தார், மிதித்தார், எடுத்தார், கடைசியில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏல நம்பி, நிக்கவா போவா? ஒண்ணைச் சொல்லித் தொலையேம்ல!"

"நான் ஊதலை அண்ணாச்சி!"

"பெறவு யாரு ஊதுதா, ஒங்க தாத்தாவா?"

மறுநாளிலிருந்து நான் தகரத்தைத் தட்டித்தான் வண்டியை நிறுத்தினேன். மாமியார் முன்படி, மருமகள் பின்படி என்று பிரித்து ஏற்றினேன். யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்ட அளவுக்கு இந்த ஊரைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூடத் தெரியாது.

டீக்கடைக்காரர் பெஞ்சுகளை உடைத்து ஒற்றை முக்காலிகளாக ஆக்கினார். கோயிலில் இரண்டு தர்மகர்த்தாக்களுக்கும் தனித்தனி நேரத்தில் தீபாராதனை காட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் நடந்த கூட்டணிப் பொதுக்கூட்டத்தில் இரண்டு கட்சிச் செயலாளர்களும் மேடையில் கைகோத்து நின்றபோது எழுந்த விசிலைக் கேட்டு, தொண்டர்கள் உற்சாகத்தில் விசிலடிக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு பேரும் கையை உயர்த்தி உயர்த்திக் கும்பிட்டார்கள், அதிலேயே கால் மணி நேரம் போயிற்று.

போகப்போக இன்னொன்றும் புரிந்தது. சுருதி கல்லில் வெட்டினது இல்லை, ஆள் அசைந்து கொடுத்தால் அதுவும் அசையும். முப்பிடாதிக்கும் அவன் சித்தப்பா மகனுக்கும் எல்லையில் நின்ற தென்னைமரத்துக்காக ஏழு வருசத் தகராறு. சத்தம் தாங்காமல் முப்பிடாதி, "சரி வே, உம்ம பக்கம் விழுத காய் உமக்கு" என்றான், விசில் ஒரு படி இறங்கியது. "ஓலையும் எடுத்துக்கிடும்" என்றான், இன்னொரு படி இறங்கியது. "மரத்தையே வச்சிக்கிடும், ஆளை விடும்" என்றதும் மற்றவனுக்கே வெட்கமாகி, "பாதிப் பாதின்னு வச்சிக்கிடுவோம்டே" என்றான், விசில் உறுமலாகி அமுங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் அந்த மரத்தடியில் இளநீர் குடித்ததை ஊரே போய்ப் பார்த்தது.

எல்லாரையும் விடக் கொழுத்தவர் கல்யாணத் தரகர் சிவனணைந்தான். ஜாதகக் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துவார், காதைக் கொடுப்பார், சத்தம் கம்மியாக இருந்தால் தாம்பூலம். "பத்துப் பொருத்தமும் இதுக்குள்ள அடக்கம்" என்பார். சத்தமே இல்லாத ஜோடி கிடைத்தால் ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிடுவார்.

இப்போது என் வீட்டுக்கு வாருங்கள்.

என் வீட்டுக்காரி பரமகல்யாணி பீடி சுற்றுகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பாவின் டிராக்டரை ஓட்டியவள், கல்யாணத்துக்குப் பின்னால் தென்காசிக்குப் போய் முறையாகக் கற்று ஹெவி லைசென்ஸ் எடுத்தவள். போன தை மாசம், சொரிமுத்து அண்ணாச்சி வந்து சேருவதற்கு முன்னால், எங்கள் பஸ்ஸுக்கு டிரைவர் இல்லாமல்போனபோது, முதலாளி என்னிடம், "ஒன் வீட்டுக்காரிட்ட லைசென்ஸ் இருக்குல்லா, ஓட்டுவாளான்னு கேட்டுட்டு வா" என்றார். நான் வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், படுத்தேன், காலையில் வந்து, "அவளுக்கு இஷ்டமில்லையாம் மொதலாளி" என்று சொன்னேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து ஓட்ட, புருசன் பின்னால் நின்று டிக்கெட் கிழிக்க, டீக்கடை முழுக்கச் சிரிக்குமே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம், இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மாவு மில்லில் முதலாளி சம்சாரம் பேச்சுவாக்கில் கல்யாணியிடம் சொல்லிவிட்டது. பிறகு என்னிடமும் வந்து, "ஒன் வீட்டுக்காரி மொகமே செத்துப்போச்சு, நீ கேக்கவே இல்லையாமே" என்றது. ஆக, அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "சோறு அடுப்புல இருக்கு", "தண்ணி வந்துட்டு", "கதவைச் சாத்துங்க". ஆறு மாசமாக இந்த மூன்று பேச்சுத்தான் எங்கள் வீட்டில் இருந்தது.

அதனால் விசில் வந்த செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போக எனக்குக் காலே வரவில்லை. ஓடு பறக்கும், தெரு கூடும், மானம் போகும் என்று நினைத்துக்கொண்டு வாசல்படி மிதித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் போனேன். கேட்கவில்லை. அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றேன், ஒரு கொசு பாடுகிற அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. அவளும் பீடி இலையை வைத்துவிட்டு ஒரு நிமிசம் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். எனக்கு வந்த சந்தோசத்தைக் கேட்கவேண்டாம். கோபமெல்லாம் மேலுக்குத்தான், உள்ளுக்குள் நாங்கள் ஒன்றுதான் என்று நினைத்து, மடப்பயல் நான், மறுநாள் பஸ்ஸில் நாலு பேரிடம் சொன்னேன்.

நாலு நாலாயிரம் ஆனது. ஊரிலேயே விசில் கேட்காத புருசன் பெண்டாட்டி நாங்கள்தான் என்று பேச்சு பரவி, புதுசாகக் கட்டினவர்கள் காலில் விழ வந்தார்கள். "எப்படி அண்ணாச்சி, ஒரு சத்தம்கூட இல்லாம?" என்று கேட்டால், "விட்டுக்கொடுத்துப் போவணும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். கல்யாணி ஒன்றும் சொல்லமாட்டாள். அதையும் அடக்கம் என்று மெச்சினார்கள்.

ஒரு விசயம் மட்டும் எனக்கு இடித்தது. எங்கள் தெரு நாய்கள் என் கையால் பொறை தின்கிறவை, நான் தனியாகப் போனால் வாலாட்டிக்கொண்டு கூடவே வரும். நானும் கல்யாணியும் சேர்ந்து நடந்தால் வாலை இடுக்கிக்கொண்டு ஊளையிட்டு ஓடின. "பாத்தியளா, தெய்வீக ஜோடிக்கு நாய்கூட வழி விடுது" என்றார் தரகர். நாய்க்கு என்ன தெய்வீகம் தெரியும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெபமலர் அக்கா கடை. முப்பது வருசம் போலீஸ் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இப்போது ரேடியோ, மிக்சி, செல்போன் எல்லாம் பழுது பார்க்கிறாள். மத்தியானம் ஒரு மணி டிரிப்புக்கும் இரண்டரை மணி டிரிப்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்து நாய் விசயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த பழைய ரேடியோவைப் போட்டாள், அதன் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் குமிழ் வைத்த ஒரு பெட்டியை வைத்தாள்.

"ரேடியோவுல ஒரு ஸ்டேஷன் அலை வருது. இந்தப் பொட்டியும் ஒரு அலை விடும். ரெண்டையும் தனித்தனியா ஒன் காது கேக்காது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் இருக்குல்லா, அது மட்டும் கேக்கும். இப்ப கேளு."

குமிழைத் திருப்பினாள். மேலே எங்கிருந்தோ ஒரு கீச்சு இறங்கி வந்தது, விசிலானது, உறுமலானது, பிறகு தும்... தும்... என்று மெள்ள அடித்து நின்றுபோனது.

"சத்தம் இல்ல" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணாயிட்டு. வித்தியாசம் சைபர்." அவள் அதே பக்கம் இன்னும் திருப்பினாள். உறுமல் வந்தது, விசிலானது, கீச்சென்று ஏறி ஏறி, ஊசி முனையாகி, காணாமல்போனது. "இப்ப?"

"இப்பவும் சத்தம் இல்ல."

"அப்பவும் சத்தமில்ல, இப்பவும் சத்தமில்ல. ரெண்டும் ஒண்ணா?"

நான் குமிழையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இப்ப வித்தியாசம் இல்லாம இல்ல நம்பி. ஒன் காது எட்டாத அளவுக்குக் கூடிப்போச்சு. வயசு ஏற ஏற மேல்சத்தம் கேக்காது. ஒனக்குக் கேக்காதது சின்னப் புள்ளைகளுக்குக் கேக்கும், அதுகளுக்கும் கேக்காதது நாய்க்குக் கேக்கும்."

"அப்ப எங்களுக்குச் சத்தமில்லாதது இதுல எது அக்கா, மொதல்லதா ரெண்டாவதா?" என்று கேட்டேன், குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நாய் சொல்லிட்டுல்லா. சந்தேகம்னா குமிழைத் திருப்பிப் பாரு. ரெண்டு பேரு சுருதியும் கிட்ட வந்துதுன்னா மொதல்ல கீச்சுன்னு மேல இருந்துதான் எறங்கும். சேர வரும்போது கேக்குத சத்தம் கொடூரமாத்தான் இருக்கும்."

"மனுசனுக்குக் குமிழ் எங்கக்கா இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும், நான் கல்யாணமா கட்டினேன்?" என்று சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "நல்ல செட்டுக்குள்ள ஒரு சர்க்யூட் இருக்கும்" என்றாள். "ஸ்டேஷனுக்கும் தனக்கும் எவ்வளவு வித்தியாசம், தான் மேல நிக்கமா கீழ நிக்கமான்னு பாத்துக்கிட்டே இருக்கும். பாத்துட்டு தன்னையே திருத்திக்கிடும். ஸ்டேஷனைத் திருத்தப் போவாது. ஆனா ரொம்ப விலகிட்டுன்னா அதுக்கும் எட்டாது. அப்ப நம்மதான் கையை வச்சுத் திருப்பணும்."

அன்றைக்கு இரண்டரை மணி டிரிப்பில் நான் யாருக்கும் சரியாகச் சில்லறை கொடுக்கவில்லை.

இப்படி நான் நொந்து கிடக்கும்போதுதான் ஊராட்சித் தலைவர் பூலுடையார், எழுபத்திரண்டு வயசு, மேடை என்றால் உயிர், எங்களுக்கு 'ஒத்த ஜோடி' விழா எடுக்கிறேன் என்று கிளம்பினார். ஆவணி முதல் முகூர்த்தம், காலை பத்து மணி, கல்யாண மண்டபம். தரகர் சிவனணைந்தான் விசில் பார்த்து நிச்சயம் பண்ணின ஒன்பது ஜோடிகளும் எங்கள் கையால் மாலை வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், தன்னடக்கம் என்று போஸ்டரில் அதையும் சேர்த்து அடித்தார்கள். கல்யாணியிடம், "போவணுமா?" என்றேன். "கதவைச் சாத்துங்க" என்றாள்.

மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. சுருதி பார்த்துப் பார்த்து ஆட்களை உட்கார வைத்திருந்தும் கூட்டம் கொஞ்சம் உறுமிக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பக்கத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் நடுவில் மைக்கை நட்டார்கள். தலைவர் கையைத் தூக்கினார். கூட்டம் தள்ளித் தள்ளி நகர்ந்து, மூச்சை அடக்கி, எங்கள் சத்தமின்மையைப் பக்தியோடு கேட்டது. ஸ்பீக்கரில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

"கேட்டியளா? என்ன கேட்டுது? ஒண்ணுமே கேக்கலை! இதுதான் தாம்பத்யம்!" என்று தலைவர் கத்தினார், கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. "நம்பி, புதுசா கட்டப்போற புள்ளையளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லு."

மைக்கைக் கையில் வாங்கினேன். விட்டுக்கொடுத்துப் போகணும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்தபடி அவளைப் பார்த்தேன். கல்யாணப் பட்டுச்சேலையில், கழுத்து மாலை குத்துகிறது என்று ஒரு பக்கம் விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ வீட்டு விசேசத்துக்கு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஓவென்று அழுகை வந்தது. இவள் இப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒருநாள் செத்துப்போவாள், அல்லது நான் செத்துப்போவேன், ஊர் கைதட்டும்.

"ஏட்டி கல்யாணி" என்றேன், மைக் அலறியது. "போன தை மாசம் மொதலாளி ஒன்னை வண்டி ஓட்டக் கேட்டாரு. நான் ஒங்கிட்ட கேக்கவே இல்ல. ஒனக்கு இஷ்டமில்லன்னு நானே சொல்லிட்டேன்."

கூட்டம் முழித்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலை நிமிரவில்லை.

"பயந்துட்டேன். நீ என்னைவிட நல்லா வேலை பாப்பேன்னு பயந்துட்டேன். மொதலாளி, முன் வரிசையிலதான இருக்கீங்க, நான் சொன்னது பொய். அவ நல்லா ஓட்டுவா. நான்தான் ஒண்ணுக்கும் ஆகாதவன்."

"ஏல, வாழ்த்திப் பேசுன்னா என்னல பேசுத?" என்று தலைவர் என் காதைக் கடித்தார்.

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு நினைச்சேன் கல்யாணி."

அவள் மெள்ளத் திரும்பினாள். ஆறு மாசத்துக்குப் பிறகு முழுசாக என் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு சிரிப்பா?" என்று கேட்டாள்.

கடைசி வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது.

அடுத்து இன்னொரு குழந்தை. பிறகு மண்டபத்தின் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த பாலர் பள்ளிப் பிள்ளைகள் அத்தனையும் ஒன்று விடாமல் இரண்டு கையாலும் காதைப் பொத்தின. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் நின்ற ஜெபமலர் அக்காவுக்கும் கேட்டிருக்காது, அவளும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றாள் கல்யாணி. "வேண்டாம்னுகூட நான் சொல்லியிருப்பேன். நீங்க கேட்டிருக்கலாம்லா!"

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். காலேஜ் பையன்கள் பொத்தினார்கள். நிச்சயமான ஒன்பது மாப்பிள்ளைகளும் ஒன்பது பெண்களும் முகத்தைச் சுளித்தார்கள். நான் அழுதுகொண்டு நின்றேன், வயசு வயசாக அது எங்களை நோக்கி இறங்கி வந்தது, முப்பது வயசுக்காரர்கள் எழுந்து நின்றார்கள், கடைசியில் நாற்பத்தோரு வயசான என் காதுக்குள்ளும் ஊசியாக இறங்கியது. அப்படி ஒரு கொடூரமான சத்தத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை, அப்படி ஒரு சந்தோசமும் எனக்கு வந்ததில்லை. தலைவருக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. "அமைதி! இந்த அமைதியைத்தான் சொன்னேன்!" என்று காதைப் பொத்தின கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார், பிறகு அவர் முகமும் கோணியது.

அதற்குப் பிறகு நடந்தது மரியாதையாக இல்லை. "மோசடி வே!" என்று ஒருத்தர் கத்தினார். என்னை அவளிடமிருந்து தள்ளி இழுத்துத் தோளிலிருந்து பொன்னாடையை உருவினார்கள், விசில் நின்றது, மாலையைக் கழற்றச் சொன்னார்கள். தரகர் சிவனணைந்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூச்சலில் மூன்றாவது ஜோடியில் நின்ற பெண், அதுவரைக்கும் அவர்களுக்குள் ஒரு சத்தமும் கேட்காத ஜோடி, மாப்பிள்ளையைப் பார்த்து, "கல்யாணத்துக்கு அப்புறம் நான் நர்சிங் வேலையை விடணும்னு உங்க அம்மா சொன்னாங்களே, நீங்க என்ன நினைக்கீங்க?" என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். பாலர் பள்ளிப் பிள்ளைகள் மறுபடியும் காதைப் பொத்தின.

நாங்கள் இறங்கி நடந்தோம். விசிலும் கூடவே நடந்தது. தெருவில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன, எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கி ஓரமாக உருட்டினார். கல்யாணி வழி முழுக்கத் திட்டினாள். தை மாசத்திலிருந்து ஆரம்பித்து, கல்யாணத்துக்கு முந்தின ஆடிக்குப் போய், என் அம்மா சொன்னது, நான் கேட்டும் கேட்காமல் இருந்தது, அவள் லைசென்ஸ் வாங்கின அன்றைக்கு நான் ஒரு அல்வாகூட வாங்கி வராதது என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் எதற்கும் பதில் சொல்லாமல், சொல்லத் தோன்றினபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா" என்று மட்டும் சொன்னேன். நாலு ஆமாவுக்கு ஒரு தடவை விசில் மயிரிழை அளவு இறங்கியது.

வீட்டுக்குள் வந்து தரையில் சுவரோரமாக உட்கார்ந்தோம். ஓட்டுக்குக் கீழே சத்தம் இன்னும் பலமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடித்தார்.

"மொதலாளி வீட்டுக்கு நாளைக்குக் காலையில நீங்க போங்க" என்று அவள் விசிலுக்கு மேலே குரலெடுத்துக் கத்தினாள். "நான் வரமாட்டேன். நீங்களே போய் நிக்கணும்."

"போறேன்."

"எனக்கு வேலை கிடைக்கலைன்னாலும் போகணும்."

"போறேன்னு சொல்லுதேன்லா!"

"காது வலிக்கா?" என்று கேட்டாள்.

"உயிர் போவுது."

"வலிக்கட்டும்" என்றாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தைவிட்டு அவள் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.